நீலமாகாத தட்டு

நன்றி சொல்வது எனக்குக் கைவராத வேலை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் நான். "கண்ணாடியப் பாருங்க, கண்ணாடியப் பாருங்க" என்று நாள் முழுக்கக் கத்தியே வாய் பழகிவிட்டது. என் வண்டியில் என் கால் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர் பதற்றத்தில் எதையாவது மிதித்தால் நான் இந்தப் பக்கத்திலிருந்து அழுத்தி நிறுத்துவேன். அதனால் என் அண்ணன் எனக்கு வைத்த பெயர் 'பிரேக்கு'. அந்த அண்ணனுடைய கல்லீரலில் ஒரு பாதிதான் இப்போது என் வயிற்றுக்குள் வேலை பார்க்கிறது. அவனுக்கு நன்றி சொல்லிவிட்டேன், ஆஸ்பத்திரிப் படுக்கையில், நாலு திட்டோடு சேர்த்து. அண்ணிக்குச் சொல்லத்தான் நாளாகிவிட்டது.

என் ஈரல் கெட்டதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. சிலருக்கு உடம்பே தன் ஈரலைப் பகையாளியாக நினைத்துத் தாக்குமாம். எனக்கு அந்த வியாதி. கண் மஞ்சளானது, கால் வீங்கியது, பகலில் தூக்கம் வந்து அமுக்கியது. ஒருநாள் கற்றுக்கொள்ள வந்த பெண் திருப்பத்தில் தடுமாறியபோது என் கால் பிரேக்குக்குப் போகவே இல்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். வண்டி ஒரு வேலியில் உரசி நின்றது, யாருக்கும் அடியில்லை. அன்றைக்கே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டு மாடி அறையில் வந்து படுத்தேன்.

மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்றார் டாக்டர். எல்லாம் பொருந்தி வந்தது அண்ணனுக்குத்தான். "எடுத்துக்கங்க டாக்டர், எவ்ளோ வேணுமோ வெட்டிக்கங்க" என்றான், தையல் கடையில் துணி கொடுக்கிறவன் மாதிரி.

ஸ்கேனைப் பார்த்த டாக்டருக்கு முகம் மலரவில்லை. "உங்க ஈரல்லயே கொழுப்பு படிஞ்சிருக்கு. ரத்தத்துலயும் கொழுப்பு ஜாஸ்தி. எடையும் ஜாஸ்தி. இப்படியே எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, அவங்களுக்கும் பிரயோஜனமில்ல. சாப்பாட்ட மாத்தி, குறைச்சிட்டு வாங்க. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி பாக்கறேன். அதுக்கப்புறம் ரொம்ப நாள் உங்க தங்கச்சி தாங்கமாட்டாங்க."

ஆக, என் உயிர் அண்ணனின் சாப்பாட்டுத் தட்டில் வந்து நின்றது. அவன் சாப்பிடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு ஆபத்தான இடம் என்று. அண்ணி ரொட்டிக்கடையில் கல்லாவில் நிற்பவள். சாயங்காலம் விற்காமல் மீந்த ரொட்டிகள் அவளோடு வீட்டுக்கு வந்துவிடும். ஒரு முழு ரொட்டியை அண்ணன் டீவி பார்த்துக்கொண்டே முடிப்பான், சோற்றுக்கு முன்னால்.

டாக்டர் எங்களைச் சாப்பாட்டு ஆலோசகரிடம் அனுப்பினார். இளவயதுப் பெண். உட்கார்ந்ததும் முட்டைக்கோஸைப் பற்றிப் பேச ஆரம்பித்ததால் அண்ணன் அவளுக்குக் 'கோஸ் மேடம்' என்று பெயர் வைத்துவிட்டான்.

"முதல்ல மாவுச்சத்தக் குறைக்கணும் சார். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, நூடுல்ஸ், பிஸ்கட்டு..."

மாவுச்சத்து என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். "மாவுச்சத்துதானே மேடம்? அது நம்ம ஆளு" என்றான்.

அந்தப் பையில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். அண்ணன் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். ஓட்டல்களின் மேஜைத் துணியும் அங்கேதான் வெளுக்கும், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பும் அங்கேதான். மேஜைத் துணிக்குக் கஞ்சி போட்டு மொடமொடவென்று நிறுத்த வேண்டும். நோயாளி படுக்கும் விரிப்பில் கஞ்சி துளியும் இருக்கக் கூடாது, தோலை அறுத்துவிடும். இரண்டும் ஒரே மெஷின்களில் போவதால், அலசி முடித்த விரிப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்ப்பார்கள். சொட்டு பழுப்பாகவே இருந்தால் துணி வெளியே போகலாம். நீலமானால் கஞ்சி ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம், திரும்பவும் தண்ணீருக்குள். கஞ்சி என்பதும் மாவுச்சத்துதானே! அந்தச் சொட்டு பாட்டில் அண்ணனின் சட்டைப் பையை விட்டு இறங்கியதில்லை. மனிதர்களைக்கூட அவன் அவ்வளவு நம்பமாட்டான்.

கோஸ் மேடம் பிறகும் பேசினாள். சர்க்கரை, பழச்சாறு, வெண்ணெய், பொரித்தது என்று என்னென்னவோ சொன்னாள். எனக்கு மயக்கம், பாதிதான் காதில் விழுந்தது. அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தலை இங்கே இருந்தது, நினைப்பெல்லாம் பாட்டிலில். அண்ணி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

அன்று மாலையே சாப்பாட்டு மேஜை சலவைக்கூடமாகிவிட்டது. எது வந்தாலும் ஓரத்தில் ஒரு துண்டைக் கிள்ளித் தனித் தட்டில் வைத்து, அதன்மேல் ஒரு சொட்டு. உருளைக்கிழங்கு மை கொட்டியது போலக் கறுநீலமானது. "பாத்தியா திருடன!" என்று குதித்தான். சோறு நீலம். ரொட்டி நீலம். முட்டை பழுப்பு, பாஸ். காலிஃபிளவர் பாஸ். மீன் பாஸ். வெள்ளரிக்காய் பாஸ். ஒருநாள் அண்ணி வைத்த காளான் சூப் லேசாக நீலம் காட்டியது.

"இதுல என்ன போட்ட?"

"கெட்டியாகட்டும்னு ஒரு ஸ்பூன் சோளமாவு."

"கையும் களவுமா புடிச்சேன்!"

"என் சமையல் மேலயே சந்தேகமா? போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம் நீங்க" என்று அண்ணி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் சிரித்தேன். வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தேன்; அந்த மாதங்களில் அப்படிச் சிரித்தது குறைவு.

அண்ணன் நேர்மையானவன். நீலமான எதையும் அவன் வாயில் வைக்கவில்லை, அடித்துச் சொல்வேன். பாஸான எதையும் விடவும் இல்லை. தேன் பாஸ். வெண்ணெய் பாஸ். ஆரஞ்சுச் சாறு பாஸ், ஆகவே ஜாடி ஜாடியாக. வாழைப்பழத்தில் ஓர் ஆராய்ச்சியே நடத்தினான். காய்வெட்டான பழம் நீலமானது. தோல் கறுத்துக் கனிந்த பழத்தில் சொட்டு பழுப்பாகவே நின்றது. உடனே கனிந்த பழமாகச் சீப்புச் சீப்பாக வந்திறங்கியது. பசித்தபோதெல்லாம் வெண்ணெயில் புரட்டிய முட்டை, மேலே ஒரு கரண்டி தேன். "மாவு இல்லாத சாப்பாடு இவ்ளோ ருசியா இருக்கும்னு தெரியாமப் போச்சே பிரேக்கு" என்பான். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். எனக்காக ஒருவன் சோற்றை விட்டிருக்கிறானே!

அண்ணி அந்தப் பழச்சாற்று ஜாடியைக் கழுவி வைப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள்.

இரண்டு மாதம் கழித்துப் போனோம். டாக்டர் திரையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். ஈரல் கொழுப்பு அப்படியே இருந்தது. எடையில் பெரிய மாற்றமில்லை. ரத்தத்துக் கொழுப்பு முன்னைவிட ஏறியிருந்தது.

"சொன்னத சாப்பிடலயா சார்?"

"சத்தியமா டாக்டர், மாவு ஒரு துளி தொடல. வேணும்னா எங்க வீட்டுக்கு வந்து பாருங்க."

டாக்டர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சிலருக்கு உடல்வாகு அப்படி, வேறு யாராவது கொடுக்க முன்வருவார்களா என்று பாருங்கள் என்றார். வேறு யார்? வேறு யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

வண்டி நிறுத்துமிடத்தில் அண்ணன் காரின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அழுதான். பெரிய உடம்பு குலுங்கியது. போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என் உடம்பு ஏன் இப்படித் துரோகம் பண்ணுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான் பின் இருக்கையில் படுத்திருந்தேன். அண்ணி அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணி மாடிக்கு வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் வீங்கிய காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவர் பொய் சொல்லலமா. அவர் உடம்பும் துரோகம் பண்ணல" என்றாள். "நான்தான் சொல்லாம விட்டேன்."

"என்னத்த?"

"அந்தப் பொண்ணு மாவ மட்டுமா சொல்லுச்சு? சர்க்கரை, தேன், ஜூஸ், வெண்ணெய் எல்லாத்தையும்தான் சொல்லுச்சு. அதுல எதுலயும் சொட்டு நீலமாகாது. இவர் பாட்டிலத்தான் நம்புனாரு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. ஈரல் கெட்டவளுக்கு மூளையும் மெதுவாகத்தான் ஓடும்.

"ஏன் அண்ணி?"

"பயம்" என்றாள். "அவர் வயித்தக் கிழிப்பாங்க. நல்லா இருக்கற மனுஷன் உள்ள போவாரு, எப்படி வருவாருன்னு யாருக்குத் தெரியும்? நான் வேண்டாம்னு சொன்னா கேக்கமாட்டாரு. சரி, பரிச்சையில ஃபெயிலாகட்டும், டாக்டரே வேண்டாம்னு சொல்லிடட்டும்னு நெனச்சேன். அவ்ளோதான். வேற ஒண்ணும் நெனைக்கல. உன்னைப் பத்தி நெனைக்கவே கூடாதுன்னு இருந்தேன்."

"இப்ப மட்டும் ஏன் சொல்றீங்க?"

"இன்னிக்கி அழுதாரே. நான் கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து அவர் அழுது பாத்ததில்ல. நீ போயிட்டா, ஆயுசுக்கும் தன் உடம்பையே திட்டிக்கிட்டு இருப்பாரு. தப்பு அவருதுன்னு நெனச்சுக்கிட்டே இருப்பாரு. அத எப்படி நான் பாத்துக்கிட்டு இருக்கறது?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ என்னைத் திட்டு. திட்டிட்டு, சரின்னு ஒரு வார்த்த சொல்லு. நாளையிலேருந்து அவர் தட்டு என் பொறுப்பு."

எனக்கு மூக்குமேல் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். அன்று வரவில்லை. என் வேலையே அடுத்தவர் பயத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான். பயந்தவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு காலை எடுக்கவே மாட்டார், கட்டாயப்படுத்தவும் முடியாது. அண்ணி தானாகவே காலை எடுத்துவிட்டாள். இந்த விஷயம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் புருஷன் முழுசாக வீட்டில் இருந்திருப்பான், யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது. இதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "சரி அண்ணி" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

மறுநாள் காலையில் அண்ணி பாட்டிலைப் பிடுங்கி அலமாரியின் உச்சியில் வைத்தாள். அண்ணனிடம் விஷயத்தை அவளே சொன்னாள், தன் பயத்தையும் சேர்த்து. கீழேயிருந்து அண்ணனின் குரல் கேட்டது: "அப்ப தேனும் கெடையாதா?"

டாக்டரிடம் கெஞ்சி இன்னும் ஒரு வாய்ப்பு வாங்கினார்கள். கோஸ் மேடத்திடம் இந்த முறை அண்ணிதான் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள். அண்ணனின் சொட்டு ஆராய்ச்சியைக் கேட்டு அந்தப் பெண் சிரித்தாள். பிறகு அவளே வருத்தப்பட்டாள். "மாவ விட்டது நல்ல காரியம் சார். ஆனா அந்த எடத்துல சர்க்கரைய வெச்சுட்டீங்க. ஈரலுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

சமையலறை மாறியது. காலிஃபிளவரைத் துருவி, சோறு மாதிரி ஆவியில் வேகவைத்தாள் அண்ணி. கீரை, காளான், முட்டைக்கோஸ், மீன், தோலுரித்த கோழி. எண்ணெய் கரண்டியில் அளந்து. பழம் என்றால் முழுதாக ஒன்று, கடித்துத் தின்ன வேண்டும், பிழிந்து குடிக்கக் கூடாது. கொஞ்சம் பீன்ஸ் கொட்டையும் உண்டு. அது வந்த அன்று அண்ணன் நாற்காலி போட்டு ஏறி, பாட்டிலை எடுத்து ஒரு கொட்டையில் சொட்டு விட்டுவிட்டான்.

"நீலமாகுதுடி! பாரு, நீலமாகுது!"

"ஆகட்டும். நார்ச்சத்து இருக்கு, அளவா சாப்பிடலாம்னு அந்தப் பொண்ணு சொல்லிடுச்சு. சாப்பிடுங்க."

"நீலமானத எப்படிச் சாப்பிடறது?"

"சொட்டு விழாத கொட்டையச் சாப்பிடுங்க."

தொழில் தர்மத்தை விட்டுக்கொடுக்கும் வருத்தத்தோடு, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான்.

ரொட்டி வீட்டுக்கு வருவது அடியோடு நின்றது. மீந்ததை அண்ணி கடையிலேயே விட்டுவிட்டு வந்தாள். இன்னொன்றும் கவனித்தேன். காலையில் ஓர் உடுப்பில் போவாள், சாயங்காலம் வேறு உடுப்பில் வருவாள், முகம் கழுவி, தலை சீவி. "யாருக்காக அண்ணி இந்த அலங்காரம்?" என்று சீண்டுவேன். "இருக்காங்க ஒருத்தர்" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அண்ணனின் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. வேலைக்கு நடந்தே போனான். நான் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போனேன். பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை நழுவும். மறுபடி ஸ்கேன் எடுத்த அன்று டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, "கொழுப்பு கரைஞ்சிருக்கு. எடுக்கலாம்" என்றார். வயிற்றில் பாலை வார்த்தது என்பார்களே, அப்படி இருந்தது. அண்ணன் டாக்டரைக் கட்டிக்கொண்டான். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. சிரித்தாள் என்றாலும் வெளுத்துத்தான் இருந்தது.

அறுவை சிகிச்சை நடந்த நேரம் முழுக்க அவள் வெளியே ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளாம். உள்ளே இருந்தது இரண்டு பேர். வெளியே இருந்தது அவள் ஒருத்தி. எனக்கு நினைவு திரும்பியதும், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் அண்ணனைக் கொண்டுவந்து காட்டினார்கள். "என்ன பிரேக்கு, புடிக்குதா?" என்று வாயசைத்துக் கேட்டான். லூசு, வயிற்றைக் கிழித்துக்கொண்டு கிண்டல் வேறா என்று திட்டினேன். நீ நல்லா இருக்கணும்டா அண்ணா என்றும் சொன்னேன். இரண்டும் அவனுக்குக் கேட்டிருக்காது. பரவாயில்லை, பிறகு நேரிலும் சொன்னேன்.

அவனுக்கு ஈரல் மறுபடி வளர்ந்துவிட்டது. வேலைக்குப் போகிறான், பாட்டில் சட்டைப் பைக்குத் திரும்பிவிட்டது. சாப்பாடு மட்டும் பழைய பாதைக்குப் போகவில்லை. எப்போதாவது ஒரு துண்டு ரொட்டி தின்னலாம் என்று கோஸ் மேடம் சொன்ன பிறகும், வீட்டுக்குள் ரொட்டி வரவில்லை.

எனக்குத் தனியாக வெளியே நடக்க அனுமதி கிடைத்ததும் நேராக அண்ணியின் கடைக்குத்தான் போனேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு, சுவரோரமாக, மெதுவாக. தெருமுனையிலேயே ரொட்டி வாசனை வந்துவிட்டது. வரிசையில் நின்றேன். அண்ணி தலை நிமிராமல் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். என் முறை வந்தது.

"ஒரு ரொட்டி, ஓரம் நல்லா முறுகலா" என்றேன்.

நிமிர்ந்தாள். முதலில் கண் விரிந்தது, அடுத்து கோபம் வந்தது. "நீ எதுக்கு வந்த? யாரு கூட வந்த? உனக்கெல்லாம் ரொட்டி கெடையாது, போ."

"எனக்கில்ல. உங்களுக்கு."

அடுப்புப் பக்கமிருந்து கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வயதானவர், வாய் நிறையப் பேசுகிறவர். "நீங்கதான் அந்தத் தங்கச்சியாம்மா? நீங்களாவது சொல்லுங்க. இங்க எல்லாரும் டீக்கு உடைஞ்ச ரொட்டி தின்போம், அது பழக்கம். இந்தம்மா மட்டும் தொடறதில்ல. அவிச்ச முட்டை கொண்டுவந்து மூலையில நின்னு திங்குது. போகும்போது கைகால் கழுவி, வேற துணி மாத்திக்கிட்டு போகுது. ஏம்மான்னு கேட்டா, ரொட்டி வாசனையோட வீட்டுக்குப் போனா வீட்டுக்காரருக்கு ஆசை வந்துடுமாம்."

யாருக்காக இந்த அலங்காரம் என்று நான் கேட்டதற்குப் பதில் இப்போதுதான் கிடைத்தது. தன் புருஷனைக் கத்திக்குக் கொடுக்கப் பயந்தவள், அவனைக் கத்திக்குத் தயாராக்க, தன் மேலிருந்த ரொட்டி வாசனையைக்கூடக் கழுவிவிட்டு வந்திருக்கிறாள். நாள் தவறாமல். ஒருவரிடமும் சொல்லாமல்.

"மொதலாளி கெடக்காரு, நீ உக்காரு மொதல்ல, நிக்காத" என்று அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

நான் உட்காரவில்லை. அவள் கல்லாமேல் சுற்றி வைத்திருந்த ரொட்டியை எடுத்து, முறுகல் ஓரத்தைப் பிய்த்து அவளிடம் நீட்டினேன். வழி முழுக்க யோசித்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நன்றி அண்ணி" என்றேன். "சாப்பிடுங்க."

"இப்பவா? ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். எனக்கு இப்ப டைம் நிறைய இருக்கு."

அவள் வாங்கி வாயில் போட்டாள். கல்லாவுக்குப் பின்னால் நின்று, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, மெதுவாக மென்றாள். விழுங்கும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் அண்ணி துணி மாற்றாமல் வீட்டுக்கு வந்தாள்.